அடுத்தவர் பூதத்தை எடுத்து ஆடியவள்

தம்பி,

இங்கே எல்லோரும் சுகம் என்று ஆரம்பித்தால், அடுத்த வரியைப் படிக்குமுன்பே "அம்மா எதையோ மறைக்கிறாங்க" என்று நினைப்பாய். அந்தப் புத்தி உனக்கு என்னிடமிருந்து வந்தது, அதனால் கோபித்துக்கொள்ள மாட்டேன். நேரே விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை கோலாலம்பூரிலிருந்து போன் செய்தாயே, மண்டபம், பத்திரிகை, சாப்பாடு என்று கால் மணி நேரம் சுற்றி வளைத்துவிட்டுக் கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒன்று கேட்டாய். "அம்மா, உமாவோட தங்கச்சி லதா உங்க லைன்லதானே வேலை செய்யறா? உங்ககிட்ட நல்லா பேசுவாதானே? சும்மா பேச்சோட பேச்சா கேட்டுப் பாருங்களேன், உமா சனிக்கிழமை காலையில எங்க போறான்னு. எப்ப போன் பண்ணாலும் வீட்ல இல்லேங்கறாங்க. நான் நேரா கேட்டா சந்தேகப்படறேன்னு நினைச்சுக்குவா. நான் கேக்கச் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்கம்மா." பார்க்கிறேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். ஆறு நாளாகிவிட்டது. தையில் உனக்குக் கல்யாணம். அதற்குள் உன்னிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொன்னபிறகு நீ என்னோடு பேசுவாயோ மாட்டாயோ தெரியாது.

நீ கேட்ட வேலையை நான் செய்யப் போவதில்லை. முடியாமல் இல்லை. என்னைவிட இதைச் சுத்தமாகச் செய்ய பினாங்கிலேயே ஆள் கிடையாது என்பது உனக்குத் தெரியும், அதனால்தான் என்னிடம் வந்தாய். இருபத்திரண்டு வருஷமாகக் காலையில் பெரிப் படகில் ஏறி அக்கரைக்குப் போய், பிறையில் உள்ள தொழிற்சாலையில் பூதக்கண்ணாடிக்குக் கீழே சின்னச் சின்னக் கம்ப்யூட்டர் சில்லுகளை வைத்து எங்கே கீறல், எங்கே வெடிப்பு என்று தேடுகிறவள் நான். நாள் பூராவும் குறை தேடியவளுக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கண்ணைக் கழற்றி வைக்கத் தெரியவில்லை. துவைக்கப் போடுமுன் உன் சட்டைப் பையில் பஸ் டிக்கெட் பார்ப்பேன். அப்பா சிரித்த முகமாக வந்தால் ஆபீசில் என்ன என்று கேட்பேன். "உங்கம்மாவுக்குச் சாமியே வந்து வரம் கொடுத்தாலும் பின்பக்கம் திருப்பிப் பார்ப்பா" என்று அப்பா கேலி செய்வாரே, அதில் பொய் ஒன்றும் இல்லை. உன்னிடம் மறைப்பானேன், தாசேக் கெலுகோரில் பெண் பார்க்கப் போன அன்றைக்கே உமா சுவர்க் கடிகாரத்தை மூன்று தரம் பார்த்ததை நான் மனசில் முடிந்து வைத்திருக்கிறேன். அன்றைக்கும் சனிக்கிழமைதான்.

இனி ஐந்து வருஷம் பின்னால் போகிறேன். நீ ஆறாம் படிவத்தில், கல்லூரிக்கு முந்திய படிப்பில், இரண்டாம் வருஷம். செவ்வாய்க்கிழமையும் வியாழக்கிழமையும் கணக்கு டியூஷன். டியூஷன் முடிந்து நீ வீட்டுக்குள் நுழையும்போது முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. கணக்கு டியூஷனிலிருந்து எந்தப் பிள்ளையாவது சந்தோஷமாக வருமா? அன்றைக்கே எனக்கு மூக்கு வியர்த்துவிட்டது. நீ குளிக்கப் போன நேரத்தில் பையைத் திறந்தேன். அடியில் ஒரு பெட்டி, அதில் ரப்பர் பட்டை போட்ட ஒரு கட்டுச் சீட்டு. ஒரு சீட்டில் சிறகு விரித்த பாம்பு, ஒன்றில் மூன்று தலை நாய், இன்னொன்றில் கோலோடு ஒரு தாடிக்காரக் கிழவன். சூதாட்டம் என்று முதலில் நினைத்தேன். அடுத்த நிமிஷம் சூனியமோ என்று பயந்தேன். அப்பாவிடம் காட்டினேன். அவர் இரண்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏதோ புது விளையாட்டுப் போல இருக்கு. குளிச்சிட்டு வரட்டும், கேளு" என்றார். "கேட்டா உண்மையச் சொல்லுவான்னு என்ன நிச்சயம்?" என்றேன். "சொல்லலேன்னா அப்பப் பாத்துக்கலாம்லா" என்றார். நான் கேட்கவில்லை. சீட்டுகளை இருந்த வரிசையிலேயே அடுக்கி, ரப்பர் பட்டையை நீ சுற்றியிருந்த மாதிரியே இரண்டு சுற்றுச் சுற்றிப் பைக்குள் வைத்தேன். தம்பி, நான் செய்த எல்லாத் தப்புக்கும் அந்த ரப்பர் பட்டைதான் ஆரம்பம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு உன் பின்னால் வந்தேன். பினாங்கு ரோட்டில் அந்தப் பழைய கடைத்தொகுதி, மேல்மாடி. காமிக்ஸ் விற்கிற கடையில் நீளமான மேசை போட்டு நீங்களெல்லாம் உட்கார்ந்திருந்தீர்கள். எதிரில் ஒரு தையல்கடை. சும்மா நிற்க முடியாது அல்லவா, அதற்காகக் கையோடு அப்பாவின் சிலுவார்க் கால்சட்டை ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன், குட்டையாக்கித் தரச் சொல்லி. அந்தச் சாம்பல் கலர் சிலுவார் ஏன் திடீரென்று கணுக்காலுக்கு மேலே ஏறிக்கொண்டது என்று அப்பா இன்றுவரை யோசிக்கிறார், சொல்லிவிடாதே. உனக்கு எதிரே உட்கார்ந்திருந்தவன் ரபீக். ஒன்றாம் படிவத்திலிருந்து உன் பெஞ்சில் உட்கார்ந்தவன். அவன் முன்னால் பெரிய டிராகன் சீட்டு ஒன்று. நீ அதன்மேல் இன்னொரு சீட்டை வைத்து, இரண்டையும் சேர்த்து இழுத்து, அவனைப் பார்த்தாற்போல் திருப்பி வைத்தாய். "ஒன்னோட டிராகன் இப்ப என்கிட்ட வேலைக்கு வந்துருச்சு மச்சான்" என்றாய். மேசையே சிரித்தது. ரபீக்கும் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பிள்ளை அடுத்தவன் பொருளை எடுத்து அவனையே அடிக்கிறான், இதை யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று நினைத்தேன்.

அப்போதும் உன்னிடம் கேட்கத் தோன்றவில்லை. ரபீக்கைக் கேட்டேன். பெரி ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் அவன் அத்தாவின் நாசி கண்டார் சோற்றுக்கடை, வேலைக்குப் போகும்போது நான் காலை டீ குடிக்கிற கடை. அவன் அத்தா என்னை "தங்கச்சி" என்பார், மரியாதையான மனுஷர். ஒரு சனிக்கிழமை நீயும் அப்பாவும் முடிவெட்டிக்கொள்ளப் போன நேரமாகப் பார்த்து ரபீக்கை வீட்டுக்கு வரச் சொன்னேன். அவன் சூதில்லாத பிள்ளை. பயப்படாதீங்க ஆண்ட்டி, காசு வச்சு ஆடறதில்ல என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டு மேசையில் தன் சீட்டுகளைப் பரப்பி எனக்கு ஆட்டத்தையே சொல்லிக் கொடுத்தான். நீங்கள் கிரீச்சர் என்பீர்கள், எனக்கு எல்லாம் பூதம்தான். எல்லோரும் தங்கள் பூதங்களை இறக்கி அடுத்தவனை அடிப்பார்கள், உங்கள் மகன் மட்டும் வேறு மாதிரி என்றான்.

"சிவாவோட கட்டுல பெரிய பூதமே கெடையாது ஆண்ட்டி. எதுக்குத் தூக்கிச் சுமக்கணும், எதிராளி கொண்டாருவான்லா, அத எடுத்துக்கலாம்பான்." எப்படி எடுப்பது என்று கேட்டேன். ஒரு சீட்டைக் காட்டினான். இதை அந்தப் பூதத்தின்மேல் போட்டால் கயிறு கட்டின மாதிரி, கயிற்றை யாராவது அறுக்கிறவரை அது நம் பக்கம். தன்னிடமும் இருந்த அந்தத் தாடிக்காரக் கிழவனைக் காட்டினான். இவனைச் சாய்த்து வைத்தால் ஒரு பூதம் நமக்கு வரும், ஆனால் கிழவன் அப்படியே சாய்ந்தே கிடக்க வேண்டும், அவனை நிமிர்த்தினாலோ எவனாவது கொன்றாலோ பூதம் பழைய இடத்துக்கே போய்விடும். "அவன்கிட்ட ஆடும்போது பெரிசா எதையும் மொதல்ல எறக்கக் கூடாது ஆண்ட்டி. சின்னத எறக்கி, அவன் கயித்தத் தீத்துட்டு அப்புறம்தான் பெரிசு. இல்லேன்னா கயித்த அறுக்கற சீட்ட ஒண்ணு கையிலயே வச்சிருக்கணும்." கடைசியில் ஒரு சிவப்புச் சீட்டை எடுத்தான். இது ஆடுகிற முறை ஒன்றுக்கு மட்டும் இரவல். எடுத்து, அடித்து, முறை முடிந்ததும் உடையவனுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். "ஆனா சிவா குடுக்க மாட்டான்" என்றான்.

"பின்ன?"

"மொறை முடியறதுக்குள்ள அந்தப் பூதத்தையே பலி குடுத்துருவான். திருப்பிக் குடுத்தா நாளைக்கு அது இவனையே அடிக்கும்லா. அடிக்கவும் ஆச்சு, ஆளும் காலி." சொல்லிவிட்டு உன் சாமர்த்தியத்தை நினைத்துப் பெருமையாகச் சிரித்தான். தோற்றவன் தன்னை ஜெயித்தவனைப் பற்றி அப்படிப் பெருமைப்பட்டு நான் பார்த்ததில்லை. தோற்பதில் உனக்கு வருத்தமில்லையா என்று கேட்டேன், எனக்குச் சீட்டிலுள்ள படம்தான் முக்கியம் என்றான். அவனுக்குப் படம் வரைவதில் பைத்தியம். ஆறாம் படிவம் முடிந்ததும் கோலாலம்பூரில் ஓவியக் கல்லூரி ஒன்றில் சேர வேண்டும், விண்ணப்பப் பாரம் வாங்கி வைத்திருக்கிறான், அத்தா கையெழுத்துப் போடமாட்டேன், கடையைப் பார் என்கிறார். "நீங்க சொன்னா கேப்பார் ஆண்ட்டி. ஒங்க மேல மரியாத அவருக்கு" என்றான். அந்த நிமிஷம் எனக்குக் கயிறு கிடைத்துவிட்டது. இதைத் தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வரவில்லை, தெரிந்தேதான் செய்தேன். "நான் பேசறேன். நீயும் எனக்கு ஒண்ணு செய். சிவா என்ன செய்யறான், எங்க போறான்னு அப்பப்ப எனக்குச் சொல்லு. அவனத் தடுக்க மாட்டேன், திட்ட மாட்டேன். பெத்தவளுக்குத் தெரிஞ்சிருந்தாப் போதும்" என்றேன். அவன் சீட்டுகளை அடுக்கி ரப்பர் பட்டை போட்டான். அப்புறம் சரி ஆண்ட்டி என்றான்.

அதற்குப்பிறகு வாரம் ஒருநாள் நான் பெரியிலிருந்து இறங்கும்போது கடை வாசலில் நிற்பான். நீ டியூஷனுக்குப் போவதையே நிறுத்திவிட்டாய் என்று அவன்தான் சொன்னான். எந்தப் பாடத்தில் பின்தங்கியிருக்கிறாய், யார் யாரோடு ஆடுகிறாய், எல்லாம். சொல்லி முடித்ததும் "அத்தாகிட்ட பேசினீங்களா?" என்று கேட்பான். "நல்ல நேரமாப் பாத்துப் பேசணும்லா" என்பேன். பேசியிருக்கலாம். தினமும் அந்தக் கடையில் டீ குடிக்கிறேன், ஒரு வார்த்தை போதும். ஆனால் கையெழுத்து விழுந்துவிட்டால் ரபீக் எனக்கு எதற்குச் சொல்லப்போகிறான்? பேசாமல் இருக்கிறவரைதான் அவன் என் பக்கம். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, அப்பாவிடம்கூட. எழுதும்போது கை கூசுகிறது. பதினெட்டு பத்தொன்பது வயசுப் பிள்ளையின் ஆசையை முடிச்சுப் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தது. பள்ளிக்கூடத்தில் கேம்ப் என்று எங்களிடம் சொல்லிவிட்டுக் கோலாலம்பூரில் நடக்கிற போட்டிக்கு நீ கிளம்பினாய். ரபீக் என்னிடம் இரண்டு நாளைக்கு முன்பே சொல்லியிருந்தான், தானும் கூடப் போகிறேன், பத்திரமாகக் கூட்டி வருகிறேன், நீங்கள் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ள வேண்டாம் என்று. காட்டிக்கொள்ள மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். ஆனால் அன்று காலை நீ பொய் சொல்லிவிட்டு என் காலைத் தொட்டுக் கும்பிட்டாயே, அதை என்னால் தாங்க முடியவில்லை. அடுத்த பெரியில் ஏறி பட்டர்வொர்த் பஸ் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன். பஸ் கிளம்பக் காத்திருந்தது. ஏறி, உன் சட்டையைப் பிடித்து, அத்தனை பேர் முன்னால் எழுப்பினேன். பக்கத்தில் ஜன்னலோரம் ரபீக். நீ என்னைத் திட்டவில்லை. ஒன்றுதான் கேட்டாய், "யாரும்மா சொன்னா?"

எனக்கு ஒரு நொடிதான் இருந்தது. நான்தான் பையைத் துழாவினேன், நான்தான் இவனைக் கட்டிப்போட்டுக் கேட்டேன் என்று சொன்னால் நீ இனி ஆயுசுக்கும் என்னை நம்ப மாட்டாய். நான் சொல்லாவிட்டாலும் இவன் நாளைக்கே சொல்லிவிடுவான். அதனால் அவனை முடித்துவிட்டேன். "ஒன் பக்கத்துல உக்காந்திருக்கானே, நல்ல கூட்டாளின்னு நம்பினியே, இவனேதான் வந்து சொன்னான். நான் ஒரு வார்த்த கேக்கல. தானா வந்து சொன்னான்" என்றேன். நீ ரபீக்கைப் பார்த்தாய். ரபீக் என்னைப் பார்த்தான். வாயைத் திறக்கவில்லை. நீ உன் பையை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் இறங்கிப் போனாய். அவன் அந்த பஸ்ஸிலேயே தனியாக உட்கார்ந்திருந்தான், போட்டிக்குப் போனானா, அடுத்த ஸ்டேஷனில் இறங்கினானா, எனக்குத் தெரியாது. அந்த நேரம் எனக்கு நிம்மதிதான் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு வாரம் கழித்து அவன் நம் வீட்டுக் கேட்டில் வந்து நின்றான். "ஆண்ட்டி, நீங்க கேட்டதாலதான் சொன்னேன்னு சிவாகிட்ட நீங்களே சொல்லுங்க. வெள்ளிக்கிழமையோட பாரம் குடுக்கற நாளும் முடியுது, அத்தாகிட்ட..." என்று இழுத்தான். "சிவா வீட்ல இல்ல. அத்தாகிட்ட நாளைக்குப் பேசறேன்" என்றேன். நீ உள்ளே அறையில் இருந்தாய், கேசட் சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தது. அவன் வாசலில் நீ காலிலிருந்து கழற்றிப் போட்டிருந்த சப்பாத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், போய்விட்டான். மறுநாள் நான் பேசவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. அந்த வாரத்திலிருந்து டீயை வேறு கடையில் குடிக்க ஆரம்பித்தேன். நீ பரீட்சையில் நன்றாகத் தேறினாய். அந்த ரிசல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, நான் செய்தது சரிதான் என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். ஆனால் நீ என்னிடமிருந்து ஒன்றைக் கற்றுக்கொண்டாய். பெரிசாக எதையும் என் முன்னால் இறக்குவதே இல்லை. மெஷின் படிப்பை விட்டுக் கம்ப்யூட்டருக்கு மாறியதைச் சேர்ந்தபிறகுதான் சொன்னாய். உமாவைப் பற்றி முடிவெல்லாம் எடுத்து, அவர்கள் வீட்டில் பேசிவிட்டு, கடைசியில்தான் எங்களிடம் வந்தாய். அப்பா சந்தோஷப்பட்டார். நான் சமையற்கட்டில் போய் அழுதேன், உனக்குத் தெரியாது.

போன ஞாயிறு நீ லதாவைக் கேட்கச் சொன்னபோது எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? ஆசை. வாய் ஊறியது. அந்தப் பெண் என் லைனில் மூன்றாவது நாற்காலி. நிச்சயம் ஆனதிலிருந்து என்னை "அக்கா" என்பதை விட்டுவிட்டு "அத்தை" என்கிறாள். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி என்று வருகிற அவளுக்கு நிரந்தரமாகப் பகல் ஷிப்டு வேண்டும், அதற்கு என் சிபாரிசு வேண்டும். கயிறு தயாராகத் தொங்கிக்கொண்டிருக்கிறது பார். எப்படிப் பேச்சை எடுப்பது, எந்த இடத்தில் நிறுத்துவது என்று மனசு தானாகவே அடுக்க ஆரம்பித்துவிட்டது. அப்போதுதான் பயம் பிடித்தது. நான் செய்ததை என்னிடமிருந்தே நீ வாங்கி, உன் கல்யாணத்துக்குள் கொண்டுபோகிறாய். கேட்க வேண்டியவளைக் கேட்காமல் அவள் தங்கையைத் திருப்பி அவள்மேலேயே விடப் பார்க்கிறாய்.

வியாழக்கிழமை வேலை முடிந்து, ஐந்து வருஷத்துக்குப் பிறகு ரபீக்கின் கடைக்குப் போனேன். அத்தாவுக்கு இப்போது முட்டி வலி, கல்லாவில் ரபீக்தான். ஆள் தடித்துவிட்டான், தாடி வைத்திருக்கிறான். சுவரில் மீன், கோழி, இறால் என்று படங்கள், எல்லாம் அவன் கை வரைந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து, "ஆண்ட்டி, ஒக்காருங்க. டீ குடிக்கறீங்களா?" என்றான். உட்காராமலேயே எல்லாவற்றையும் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல அவன் மேசையைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தான். உன்னிடம் எழுதிவிடப் போகிறேன் என்றேன். "அன்னைக்கு பஸ்ல ஏன்டா வாயத் தொறக்கல? நான் பொய் சொல்றேன்னு அங்கயே சொல்லியிருக்கலாமே" என்று கேட்டேன்.

"மொதல்ல பாரத்த நெனச்சேன் ஆண்ட்டி. நீங்க கோவிச்சுக்கிட்டா அத்தாகிட்ட பேச மாட்டீங்களேன்னு. அது ஒரு நிமிஷம்தான். அப்புறம் அவன் கேப்பான்னு பாத்தேன். 'நீயாடா சொன்ன, ஏன்டா சொன்ன'ன்னு. கேட்டிருந்தா எல்லாத்தையும் சொல்லியிருப்பேன், நீங்க பக்கத்துல நின்னாலும் சரி." துணியை மடித்து வைத்தான். "நீங்க அவன் அம்மா, பயந்தீங்க, பொய் சொன்னீங்க. அத விடுங்க. ஏழு வருஷம் ஒரே பெஞ்சு, அவன் ஒரு வார்த்த கேக்கல ஆண்ட்டி. கேக்காமலே ஒங்கள மாதிரி சந்தேகமாப் பாத்தான். அவ்வளவுதான்."

பாரத்தைப் பற்றி மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "அதப் பத்திப் பேச வேணாம்" என்று சொல்லிவிட்டு, சாப்பிட வந்தவர்களுக்குக் கறி ஊற்றப் போய்விட்டான். திரும்பி வந்தபோது உன் கல்யாணப் பத்திரிகையை நீட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். "நீங்க குடுத்தா வாங்க மாட்டேன் ஆண்ட்டி. அவன் வந்து கேக்கட்டும்" என்றான். டீயைக் குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று பிடிவாதமாகக் கொண்டுவந்து வைத்தான். குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

நேற்று கேன்டீனில் லதா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் எதுவும் கேட்கவில்லை, சத்தியமாக. அவளாகவே, "அத்தை, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அக்கா சனிக்கிழமை காலையில..." என்று ஆரம்பித்தாள். "வேணாம்மா. அது உங்க அக்காவும் சிவாவும் பேச வேண்டியது" என்று சொல்லிவிட்டேன். அவள் முகம் விழுந்துவிட்டது, ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று. பாதி வாக்கியத்தில் ஒரு சேதியை நான் நிறுத்தியது என் ஆயுசிலேயே அதுதான் முதல் தடவை. பிற்பகல் முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை. கெட்ட சேதியாக இருந்தால் என் பிள்ளையை நான் காப்பாற்ற வேண்டாமா என்று மனசு அரித்துக்கொண்டே இருந்தது, இப்போதும் அரிக்கிறது. இன்று சனிக்கிழமை. நான் இதை எழுதிக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில் உமா எங்கேயோ போயிருக்கிறாள். எங்கே என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் மாட்டேன். பகல் ஷிப்டுக்கு லதாவின் பெயரை நேற்றே எழுதிக் கொடுத்துவிட்டேன், அதையும் சொல்லிவைக்கிறேன். என் கையில் கயிறு இருந்தால் எனக்கே என்மேல் நம்பிக்கை கிடையாது.

நீ உமாவிடம் கேள். முகத்தைப் பார்த்து, எங்கே போகிறாய், எனக்குச் சந்தேகமாக இருக்கிறது என்று அப்படியே கேள். அவள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். சொல்வது உனக்குப் பிடிக்காததாக இருந்தாலும் அவள் வாயால் கேட்டதாக இருக்கும். எனக்கும் அப்பாவுக்கும் நடுவில் இருபத்தெட்டு வருஷத்தில் பெரிய சண்டை வந்ததில்லை, அதற்குக் காரணம் அவர் கேட்கிற மனுஷர். நான் அவர் பையைத் துழாவினேன், அவர் என்னிடம் கேட்டார். எது லேசு என்று இத்தனை தாமதமாக எனக்குத் தெரிகிறது.

அடுத்த வாரம் வருகிறாய் அல்லவா? வீட்டுக்கு வருமுன் ரபீக்கின் கடைக்குப் போ. இதையெல்லாம் படித்துவிட்டு, அம்மா இப்போது எதற்காக நல்லவள் வேஷம் போடுகிறாள், இதில் என்ன சூழ்ச்சி வைத்திருக்கிறாள் என்று நீ யோசிப்பாய். யோசி, உனக்கு அந்த நியாயம் இருக்கிறது. நான் எழுதியது உண்மையா பொய்யா என்று என்னிடம் கேட்காதே. அவனிடம் கேள், அவன் ஐந்து வருஷமாக அதற்காகத்தான் காத்திருக்கிறான்.

அம்மா